தோல் ஊறிய வெள்ளை

சூசைக்கரட்டு ஒயினில் ஊர்ப்பேச்சு ஏறத் தொடங்கிய வருஷம் ஆடிச் சாரல் பிந்தி வந்தது, குமுளி மலை இறக்கத்தில் ஒரு லாரி கவிழ்ந்து அரை மைலுக்கு ஏலக்காய் மணத்தது, பங்குக் கோயிலுக்குப் புதுச் சாமியார் வந்தார். இவற்றில் எது முந்தி எது பிந்தி என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள், ஏலக்காயைப் பற்றி வெகுநேரம் சொல்வார்கள், ஒயினைப் பற்றித் தானாக யாரும் பேச்செடுக்க மாட்டார்கள்.

அதை முதலில் கண்டுகொண்டவள் ரோசாலி. கம்பம் பள்ளத்தாக்கின் அந்த ஓரத்தில், மேற்கு மலை வெயிலைச் சீக்கிரமே விழுங்கிவிடும் இடத்தில், கோயமுத்தூர் முதலாளி ஒருவர் கட்டிய ஒயின் ஆலை இருந்தது. தேக்கடிக்குப் போகிற சுற்றுலாக்காரர்கள் இறங்கி ருசி பார்க்க அதில் ஒரு கூடமும் இருந்தது. அந்தக் கூடத்தைக் கூட்டித் துடைக்கிற ரோசாலிக்கு ஒரு நாள் மேனேஜர், உங்க பந்தல் பழம்தானே, நீயும் ஒரு வாய் பாரு என்று வெள்ளை ஒயினில் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தார். அவள் நாக்கில் வைத்துவிட்டு நின்றாள். காதில் ஒன்றும் விழவில்லை, நாக்கில்தான் விழுந்தது, புளிப்புக்கும் குளிர்ச்சிக்கும் நடுவில், அவள் மாமியாருடைய குரலில்: இவ வச்ச குழம்ப நாய்க்கு ஊத்துனா நாய் ஊரவிட்டுப் போயிரும். ரோசாலி ஆச்சரியப்படவில்லை. கிளாஸை வைத்துவிட்டு, துடைப்பத்தைச் சாத்திவிட்டு, வீட்டுக்குப் போய், எப்போது சொன்னீர்கள் என்று கேட்டாள். மாமியாரும் ஆச்சரியப்படவில்லை. காய் களைக்கும்போது பந்தலுக்குக் கீழே நின்று சொன்னது என்று ஒத்துக்கொண்டாள்.

அந்தப் பக்கத்துத் திராட்சை எல்லாம் கல்தூண் நட்டுக் கம்பி இழுத்துப் போட்ட பந்தலில்தான் படர்கிறது. ஆள் அதற்குக் கீழேதான் நடக்கவேண்டும், கவாத்து வெட்டவும் காய் களைக்கவும் பழம் அறுக்கவும் தலைக்கு மேலே கையைத் தூக்கிக்கொண்டு, சும்மா கையைத் தூக்கி நிற்க முடியாமல் பேசிக்கொண்டு. கவாத்து வெட்டிய நாளிலிருந்து பழம் அறுக்கிற நாள் வரை அந்தப் பந்தலுக்குக் கீழே பேசியதெல்லாம் பழத்தில் ஏறி, பழத்திலிருந்து ஒயினில் இறங்குகிறது என்பது ஒரு போகத்துக்குள் எல்லாருக்கும் விளங்கிவிட்டது. சிவப்பில் வேறு ஒன்று இருக்கிறது என்று சொன்னவன் அமலதாசு. அவன்தான் ஆலையில் பழம் பிழியும் மிஷினைப் பார்க்கிறவன். பன்னீர்த் திராட்சைக்குத் தோல்தான் கறுப்பு, உள்ளே சதை கண்ணாடி மாதிரி வெள்ளை. அறுத்த கையோடு பிழிந்து தோலை எறிந்துவிட்டால் வெள்ளை ஒயின், தோலோடு நாள்கணக்கில் ஊறப்போட்டால் சிவப்பு. வெள்ளையில் இருப்பது வாய் பேசியது. சிவப்பில் இருப்பது, அதே நேரம் வாய் பேசாமல் உள்ளே வைத்துக்கொண்டது. தோலுக்கு அடியில் நிற்கிறது தோலோடுதானே வரும், என்றான் அமலதாசு, இதில் என்ன இருக்கிறது என்பதுபோல.

ஊர் அதற்குத் தக்கபடி தன்னை மாற்றிக்கொண்டது. அதுவரை கிளாஸைத் தொடாத பெண்கள், துப்பிவிட்டால் குடித்த கணக்கில் வருமா என்று சாமியாரிடம் கேட்டார்கள். அவர் இரண்டு ஞாயிறு யோசித்துவிட்டு, வராது என்றார். உடனே வீட்டுக்கு வீடு பரணில் கிடந்த வெற்றிலைப் படிக்கங்கள் புளி போட்டுத் துலக்கப்பட்டுக் கூடத்து மேசையில் வரிசையாக வந்து உட்கார்ந்தன. சம்பந்தம் பேசுகிறவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு பந்தலுக்குக் கீழே போய்ப் பேசினார்கள், நாளைக்கு நான் அப்படிச் சொல்லவில்லை என்று யாரும் சொல்ல முடியாதல்லவா. சண்டைகள் தார்ரோட்டுக்கு மாறின. கவாத்துக்காரர்கள் சிலர் வீட்டுக் கதையை மறைக்க வேலை முழுக்க மாதா பாட்டையே பாடித் தீர்த்தார்கள், அந்தப் பந்தல்களின் வெள்ளையில் அருள் நிறைந்த மாதாவைத் தவிர ஒன்றும் இருக்காது, அதை டில்லிக்காரர்கள் விரும்பி வாங்கினார்கள்.

சிவப்புதான் சிக்கல். முதல் சிவப்பிலேயே அண்ணன் தம்பி இருவர் உலை பிரித்தார்கள், பேசி முடித்த கல்யாணம் ஒன்று நின்றது, கோயில் உபதேசியார் ஒரு மாதம் கோயில் பக்கமே வரவில்லை. இப்படியே போனால் ஊர் தங்காது என்று பெரியவர்கள் கோயில் வளவில் கூடி இரண்டு கட்டு வைத்தார்கள். ஒன்று, தன் பந்தல் சிவப்பைத் தான் ருசி பார்ப்பதில்லை. இரண்டு, அடுத்தவன் பந்தலில் ருசித்ததை வெளியே சொல்வதில்லை. என்ன தெரிகிறது என்று யாராவது கேட்டால்? அதற்கும் வழி கிடைத்தது. சுற்றுலாக்காரர்களிடம் எப்படிப் பேசுவது என்று சொல்லிக்கொடுக்க முதலாளி பெங்களூரிலிருந்து ஓர் ஆளை வரவழைத்திருந்தார். கிளாஸைச் சாய்த்து நிறம் பார், சுழற்று, மூக்கை உள்ளே விடு, ஒரு வாய் எடுத்து நாக்குக்கு அடியில் நிறுத்து, வெள்ளையை முதலில், சிவப்பைப் பிறகு. வெள்ளை என்றால் கொய்யா, எலுமிச்சம்பூ, நனைந்த கல். சிவப்பு என்றால் நாவற்பழம், மிளகு, புகை. ஊர் முழுக்க அந்த வார்த்தைகளைப் படித்துக்கொண்டது. அடுத்த வீட்டுக்காரனின் வஞ்சத்தை நாக்கில் வைத்துக்கொண்டே, நல்ல நாவப்பழம், என்று சொல்லிப் படிக்கத்தில் துப்பினார்கள். அவ்வளவு நாகரிகமாக வாயை மூடிக்கொள்ள அந்த ஊருக்கு அதற்கு முன் தெரிந்ததில்லை.

இதெல்லாம் நிலைபெற்று மூன்று வருஷம் கழித்து பிலோமினா குவைத்திலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்தாள்.

நாற்பத்தேழு வயது, நர்ஸ் வேலை, கல்யாணமில்லை. பஸ் நின்ற இடத்திலிருந்து அண்ணன் இன்னாசியின் வீடு வரை அவளுடைய பெட்டிகளை ஊரே தூக்கி வந்தது. மதினி புஷ்பம் மாடியறையை ஒழித்துக் கொடுத்தாள். ரோசாலி புட்டு அவித்துக் கொண்டுவந்தாள், அடுத்த நாளும் கொண்டுவந்தாள், அதற்கடுத்த நாளும். எல்லாரும் அவளிடம் அளவுக்கு மேலே பிரியமாக இருந்தார்கள். நோயாளியின் கட்டிலைச் சுற்றி நின்று சிரிக்கிற சொந்தக்காரர்களை ஆயுள் முழுக்கப் பார்த்தவள், இந்தச் சிரிப்பை எங்கே பார்த்தோம் என்று யோசித்தாள், பிடிபடவில்லை.

அவளுக்கு ஊரிடம் கேட்க ஒன்றே ஒன்று இருந்தது. அமலதாசு அவளுக்கு மாமன் மகன் முறை. குவைத் போன புதிதில் முதல் லீவுக்கு வந்திருந்தபோது அவன் அவளைப் பார்த்துப் பேசினான், கிணற்றுமேட்டில் நின்று, சுற்றி வளைக்காமல்: அம்மாவத் தட்டோட அனுப்புறேன், நீ சரின்னு மட்டும் சொல்லிரு. அவள் சரி என்றாள். லீவு முடிந்து போனாள். பிறகு இன்னாசி போனில், அவக வேணாம்னுட்டாக தாயி, அவனே வேணாம்னுட்டானாம், என்றான். ஏன் என்று அவள் கேட்டாள். வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஏதாவது பேச்சுக்கு நடுவில் கேட்டுவிடுவாள். அவன் தன்னிடம் எதைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றான் என்று இத்தனை வருஷமும் கண்ணாடியில் தேடினாள், மூக்கில் தேடினாள், நிறத்தில் தேடினாள், சிரிக்கும்போது தெரிகிற ஈறில் தேடினாள், பின்பு சிரிப்பதைக் குறைத்துக்கொண்டாள். வேறு இடம் எதுவும் அமையவில்லை, அல்லது அமைத்துவைக்க யாரும் அவசரப்படவில்லை. அமலதாசு கம்பத்திலிருந்து ஜெசிந்தாவைக் கட்டினான். இப்போது அவள் திரும்பி வந்தபின் ஆலை வாசலில் தினமும் எதிர்ப்படுகிறான், தலையை மட்டும் அசைக்கிறான்.

ஒயினில் பேச்சு ஏறுகிற கதையும் ஊர் வைத்த கட்டும் வந்த வாரமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. வந்த மாதம் பந்தலில் காய் களைத்துக்கொண்டிருந்தார்கள். கொத்துக்குள் சிறுத்த மணிகளைச் சின்னக் கத்தரியால் நறுக்கிவிடும் வேலை, பிலோமினாவின் கைக்கு அது உடனே வந்துவிட்டது. இன்னாசி நான்கு கொத்து தள்ளி ஸ்டூல் மேல் நின்றான்.

“அண்ணே,” என்றாள், “அமலு மச்சான் என்ன சொல்லித்தேன் வேணாம்னாக அப்ப?”

கத்தரிச் சத்தம் ஒரு நிமிஷம் எல்லாப் பக்கமும் நின்றது.

“அவனே வேணாம்னுட்டான் தாயி. இன்னும் எதுக்கு அந்தப் பேச்சு. கொத்தப் பாரு, உள்ள அழுகிருக்கு.”

அவள் கொத்தைப் பார்த்தாள். அழுகல் இல்லை.

பழம் அறுக்கும் நாளில் இன்னாசி ஆலைக்குப் போய், இந்தத் தடவை எங்க பந்தல் முச்சூடையும் வெள்ளையாவே பிழிஞ்சிருங்க, சிவப்பு ஒரு சொட்டு வேணாம், என்றான். யாரும் ஏனென்று கேட்கவில்லை. ஆனால் அன்று மத்தியானம் கரண்டு போனது. பழம் நசுங்கித் தொட்டியில் விழுந்தாகிவிட்டது, பிழிகிற மிஷின் ஓடவில்லை, ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கப் போனவன் உத்தமபாளையத்தில் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு வந்தான். கரண்டு வரும்போது வெயில் மலைக்கு அந்தப்பக்கம் போயிருந்தது. அத்தனை நேரமும் தோல் சாற்றில் ஊறியது. ஒயின் வெள்ளையாக வரவில்லை, சின்ன வெங்காயத்தின் உள்தோல் நிறத்தில் வந்தது. ஆலையில் அதற்கு அழகான சீட்டு ஒட்டி விற்பனைக்கு வைத்தார்கள். தன் பந்தல் சிவப்பைத்தான் ருசிக்கக் கூடாது, வெள்ளையை ருசிக்கலாம், இரண்டுக்கும் நடுவில் ஒன்று வரும் என்று கட்டு வைத்தபோது யாருக்கும் தோன்றவில்லை.

அது விற்பனைக்கு வந்த அன்று காலையில் பிலோமினா கூடத்துக்குப் போனாள். ரோசாலி அவளைக் கண்டதும் புட்டி இருந்த தட்டை மறைத்து நின்றாள், பிறகு மறைத்து என்ன செய்ய என்று விலகினாள், ஊற்றினாள்.

பெங்களூர்க்காரன் ஊருக்குச் சொல்லிக்கொடுத்தபடியே பிலோமினாவும் செய்தாள். சாய்த்தாள், வெள்ளைச் சுவருக்கு எதிரே பிடித்து நிறம் பார்த்தாள், சுழற்றினாள், முகர்ந்தாள், ஒரு வாய் எடுத்தாள். முதலில் குளிர்ச்சி, அதில் அவளுடைய கேள்வியே வந்தது, தன் குரல் இவ்வளவு மெலிந்திருக்கும் என்று அவள் நினைத்ததில்லை. அடுத்துக் கொய்யாக்காய்ப் புளிப்பில் அண்ணன் சொன்னான்: அவனே வேணாம்னுட்டான் தாயி. அத்தோடு விழுங்கியிருக்கலாம். நாக்குக்கு அடியில் நிறுத்தினாள். அங்கே மெல்லிசாக, தோலின் துவர்ப்பு ஈறைப் பிடித்தது, துவர்ப்பில் அதே குரல், ஆனால் சிரமப்படாமல், தனக்குத்தானே சொல்கிற மாதிரி: தட்டோட வந்தவகள வாசல்லயே நிறுத்தி, பிள்ளைக்கு இஷ்டமில்லன்னு நான்தேன் சொன்னேன். அவ கட்டிக்கிட்டுப் போயிட்டா இந்த வீட்டுக்கு யாரு பணம் அனுப்புவா. அந்தப் பய கண்ணு கலங்கித் திரும்பிப் போனான்.

அவள் துப்பவில்லை.

“நீ இதக் குடிச்சியா ரோசாலி?”

“காலைல தொறந்தப்ப ருசி பாத்தேன்க்கா.”

“என்ன தெரிஞ்சது?”

ரோசாலி துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

“கொய்யாக்கா,” என்றாள்.

அப்போதுதான் பிலோமினாவுக்கு மற்றதும் தெரிந்தது. சூசைக்கரட்டில் போன் சிக்னல் நல்லபடியாகக் கிடைக்கிற இடம் இன்னாசி பந்தலின் வடமூலை ஒன்றுதான். குவைத்திலிருந்து அவள் கூப்பிட்டபோதெல்லாம் அவன் அங்கே போய் நின்றுதான் பேசினான். வருஷா வருஷம் அவள் ஏன் என்று கேட்டதும், அவன் அவனே வேணாம்னுட்டான் என்று சொன்னதும், சொல்லும்போது உள்ளே வைத்துக்கொண்டதும் எல்லாம் அந்தப் பழத்தில் ஏறியிருக்கிறது. மூன்று வருஷத்துச் சிவப்பு. ஊரே சாய்த்து, சுழற்றி, முகர்ந்து, நாக்கில் நிறுத்தியிருக்கிறது. பெட்டி தூக்கி வந்த கைகள், புட்டு, மாடியறை, அந்தச் சிரிப்பு. அண்ணன் ஒருவன் செய்ததை இருபது வருஷமாகத் தாங்கிவிட்டாள், செய்தது யாரென்று தெரியாமலே. இதை எப்படித் தாங்குவது என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

அன்று பின்னேரம் இன்னாசி பந்தலில் கவாத்து தொடங்கியிருந்தது. வெட்டிய கொடிகள் காலடியில் கிடந்தன. ஆட்கள் ஸ்டூல்களில் நின்றார்கள். அவள் அண்ணனுக்கு நேர் கீழே போய் நின்றாள்.

“குடிச்சிட்டேன்ணே.”

அவன் கத்தரிக்கோலைத் தாழ்த்தவில்லை. “கரண்டு போகாம இருந்திருந்தா,” என்றான்.

“தெரிஞ்சுபோச்சு, அது போகட்டும். தோலுக்கு அடியிலருந்து தெரிஞ்சுக்கிட்டது எனக்குப் பத்தாது. நீ வெள்ளையில சொல்லு. நான்தேன் சொன்னேன்னு ஒரு வார்த்த, உன் வாயால, இந்த இடத்துல நின்னு.”

வாய் விட்டுச் சொல்வதற்கு ஊர் அப்போது வெள்ளையில் சொல்வது என்றுதான் சொல்லும். ஆட்கள் வெட்டிக்கொண்டே இருந்தார்கள், ஒருவர் கத்தரிக்கோலும் நிற்கவில்லை, மாதா பாட்டை ஒருவன் மெல்ல எடுத்தான், இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். இன்னாசி மேற்கே பார்த்தான்.

“மழை வரும்போல இருக்கு தாயி,” என்றான். “வெட்டு நனையக் கூடாது.”

மழை வரவில்லை. அவள் அன்றே வீட்டை விட்டு வந்து ஆரம்பச் சுகாதார நிலையத்துக்குப் பின்னால் ஒரு அறை எடுத்துக்கொண்டாள். புஷ்பம் மதினி வாசல் வரை வந்து, சாப்பாட்டுக்காவது வந்துட்டுப் போத்தா, என்றாள், அந்தக் குரலில் ஒரு நிம்மதியும் இருந்தது, அதைத் தெரிந்துகொள்ள ஒயின் தேவைப்படவில்லை. ஊசி போட்ட கை சிந்தாது என்று ஆலை மேனேஜர் அவளைக் கூடத்தில் ஊற்றிக்கொடுக்கிற வேலைக்கு வைத்துக்கொண்டார். சுற்றுலாக்காரர்களுக்கு அவள் இரண்டு மொழியிலும் கொய்யாவும் நாவற்பழமும் சொன்னாள், அழகாகச் சொன்னாள்.

அடுத்த போகத்தில் இன்னாசி மறுபடி வெள்ளை கேட்டான். முதலாளிக்குச் சிவப்புக்குத்தான் ஆர்டர் இருந்தது, சிவப்பாகவே பிழிந்தார்கள். ஒரு பந்தலின் சிவப்பை முதலில் திறப்பது ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசைக்குப் பிறகு, ஊரைக் கூட்டி. அந்த ஞாயிறும் கூட்டம் வந்தது, பூசைக்குப் போட்ட முக்காட்டை எடுக்காத பெண்களும், செருப்பைக் கழற்றிவிட்டு ஆண்களும். இன்னாசி கட்டுப்படி நிலைப்படிக்கு வெளியே நின்றான். பிலோமினாவும் அந்தப் பந்தல்காரிதான், ருசிக்கக் கூடாது. ஊற்றக் கூடாது என்று யாரும் கட்டு வைக்கவில்லை.

அவளுக்கு இப்போது வேண்டியது செய்தி இல்லை. ஒரு வாய். அந்தக் கூட்டத்தில் ஒரே ஒரு வாய், உன்னை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை பிலோமி, என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னால் போதும், அதற்குப் பிறகு அவள் இந்த ஊரில் இருந்துகொள்வாள். கிளாஸ் கிளாஸாக ஊற்றினாள், ஒவ்வொருவரையும் முகத்தைப் பார்த்துக் கேட்டாள், சுற்றுலாக்காரர்களைக் கேட்கிற அதே குரலில்.

“என்ன தெரியுது?”

“நாவப்பழம்க்கா,” என்றாள் ரோசாலி, கண் நிறைந்திருந்தது, துப்பினாள்.

“மிளகு,” என்றார் உபதேசியார். “கொஞ்சம் புகையும் இருக்காப்ல இருக்கு.”

“நல்ல நீளம்மா,” என்றார் ரிட்டையர்டு வாத்தியார், பெங்களூர்க்காரனிடம் நன்றாகப் படித்தவர். “தொண்டையில ரொம்ப நேரம் நிக்கிது.”

“நின்னு என்ன சொல்லுது சார்?”

வாத்தியார் படிக்கத்தைத் தேடினார்.

கடைசியில் அமலதாசு வந்தான், தோளுக்குப் பின்னால் ஜெசிந்தா. அவன் கையில் மிஷின் எண்ணெய் போகாமல் இருந்தது. கிளாஸை வாங்கினான், சாய்க்கவில்லை, சுழற்றவில்லை, ஒரே வாயாக எடுத்தான், வெகுநேரம் வைத்திருந்தான். கூடத்தில் யாரும் துப்பக்கூட இல்லை. அவன் விழுங்கினான். இந்தப் பந்தல் பிழிசலைத் தொடக்கத்திலிருந்தே முதலில் ருசிக்கிறவன் அவன்தான். அவளுக்கு இஷ்டமில்லை என்று இன்னாசி சொன்னது பொய் என்பது அவனுக்கு அவளைவிட முந்தித் தெரியும்.

“என்ன தெரியுது மச்சான்?” என்றாள்.

இருபது வருஷத்துக்கு மேலாகிவிட்டது அவள் அவனை அப்படிக் கூப்பிட்டு. அவன் கிளாஸின் அடியைப் பார்த்தான்.

“நாவப்பழம்.”

“அப்புறம்?”

“வேற ஒண்ணும் இல்ல,” என்றான். ஜெசிந்தாவின் கை அவன் சட்டையைப் பிடிக்கவில்லை, தொட்டுக்கொண்டு மட்டும் இருந்தது. “வேற ஒண்ணும் இல்ல தங்கச்சி.”

முறைப்பெண்ணை அந்தப் பள்ளத்தாக்கில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டுவிட்டால் கிணற்றுமேடு இல்லை, தட்டு இல்லை, வாசலில் நிறுத்தியது இல்லை, கண் கலங்கித் திரும்பியது இல்லை. அண்ணன் அவளிடமிருந்து மறைத்ததை இவன் நடக்கவே இல்லை என்று ஆக்கிவிட்டான், இரண்டாம் பூசைக்கு வந்த ஊர் முழுக்கச் சாட்சி. கூடத்தில் எல்லாரும் மூச்சு விட்டார்கள். ஒருத்தி, நல்லவேளை, என்றுகூட முணுமுணுத்தாள்.

பிலோமினா புட்டியை மேசையில் வைத்தாள்.

“வெளிய வாங்க,” என்றாள். “அந்த வார்த்தைய பந்தலுக்குக் கீழ வந்து நின்னு சொல்லுங்க.”

அவன் வரவில்லை. தன் கையிலிருந்த எண்ணெய்க் கறையைப் பெருவிரலால் தேய்த்துக்கொண்டு நின்றான். அவள், நிலைப்படியில் நின்ற இன்னாசி ஒதுங்கிக் கொடுக்க, அவனைத் தாண்டி முற்றத்துக்கு இறங்கி, ஆலையின் சொந்தப் பந்தலுக்குக் கீழே போனாள். அதை முந்தின நாள்தான் கவாத்து வெட்டியிருந்தார்கள், இனி அதற்குக் கீழே பேசுவதும் பேசாததும் அடுத்த பழத்தில் ஏறும். இலை ஒன்று இல்லை, கல்தூணும் கம்பியும் கட்டைக் கொடியும்தான். வெட்டிய வாய் ஒவ்வொன்றிலும் நீர் திரண்டு, கனத்து, அவள் உச்சியிலும் தோளிலும் சொட்டியது. அவள் திரும்பிக் கூடத்தின் கதவைப் பார்த்து நின்றாள்.

உள்ளே புட்டியை ரோசாலி எடுத்துக்கொண்டிருக்க வேண்டும், கிளாஸ் சத்தம் கேட்டது. நாவப்பழம், என்றார்கள் யாரோ. மிளகு, என்றார்கள். கதவிலிருந்து யாரும் வரவில்லை. அவள் அந்த மொட்டைப் பந்தலுக்குக் கீழே, முகத்தில் இறங்குகிற நீரைத் துடைக்காமல், வெயில் மலைக்கு அந்தப்பக்கம் போகும்வரை நின்றாள். ஒரு வார்த்தை பேசவில்லை.